பெரியவங்களுக்கு நீச்சல் கோச்: எதை வெச்சு முடிவு பண்றது?

நொய்யல்கரை:
நாப்பது வயசுக்கு மேல நீச்சப் பழகறவங்களுக்கு யாரு கோச்சுன்னு இங்க ரெண்டு கட்சி ஓடுது. பட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) குடுக்கற கோச் டிப்ளமா வேணும்னு ஒண்ணு, கிணத்துல நாலு பேரைப் பழக்கிவிட்டவரு போதும்னு இன்னொண்ணு. நான் ரெண்டுலயும் சேரல. முதல் நாள் என்ன சொல்லித்தர்றாருன்னு பாருங்க. கையை வீசு, காலை அடின்னு ஆரம்பிச்சா வேற ஆளைத் தேடுங்க.

முதல்ல தண்ணிக்குள்ள மூக்கு வழியா மூச்சை வெளிய விடப் பழக்கோணும். அடுத்தது குப்புற மிதந்துட்டு எந்திரிச்சு நிக்கறது. மூணரை, நாலடித் தண்ணி போதும். முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, ரெண்டு கையாலயும் தண்ணியைக் கீழ அமுக்கி, பாதம் தரையத் தொட்ட பொறவுதான் தலையத் தூக்கோணும். தலை முந்துனா இடுப்பு இறங்கும், கால் பின்னாலயே கெடக்கும், தண்ணி குடிப்பாங்க. பெரியவங்க பயத்துல பாதி இங்கதான் இருக்குது.

கிணத்துக்கடவான்:
அதெல்லாம் சரிங்ணா. நாலடியில பழகுன ஆளு கால் எட்டாத எடத்துக்குப் போனா வெறச்சுப்போயிர்றாரே? கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டா ஆழமும் இருக்கு, இழுப்பும் இருக்கு. அங்க நின்னு எந்திரிக்கவா முடியும்? முதுகுல சுரைப்புருடை (மிதக்கறதுக்குக் கட்டற காஞ்ச சுரைக்குடுக்கை), இடுப்புல கயிறு, மேல கயித்தைப் புடிக்க ஒரு ஆளு. முதல் நாளே ஆழம் பழகிப்போவும். நின்னவாக்குலயே மிதக்கத் தெரியாதவனுக்கு நீச்சல் தெரியும்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

நொய்யல்கரை:
புருடை பண்ற வேலையவே கொஞ்சம் பாருங்க. இப்பல்லாம் அதுக்குப் பதிலா அஞ்சு லிட்டர் காலிக் கேன் கட்டறாங்க. அது கிட்டத்தட்ட அஞ்சு கிலோ தூக்கிக் குடுக்கும். ஆழமா இழுத்த ஒரு மூச்சு மூணு லிட்டர்னா, நெஞ்சே மூணு கிலோ தூக்கும். கேன் கட்டுன ஆளுக்கு இது தெரியவே தெரியாது. கழட்டுன அன்னிக்கு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பம். சின்னப் பசங்க பயப்படாம அதைத் தாண்டிருவாங்க, பெரியவங்க மூச்சைப் புடிச்சுட்டு மரக்கட்டையாட்டம் ஆயிருவாங்க.

கோபி_மேட்டுவாய்க்கால்:
ரெண்டு பேருமே முக்கியமானதை விட்டுட்டீங்க. தண்ணியில எறக்கறதுக்கு முன்னாடி பிரஷர் மாத்திரை, வலிப்பு, ஆஸ்துமா, காது ஜவ்வுல ஓட்டை, தோள் இறுக்கம், முட்டி வலி, இதையெல்லாம் கேக்காத கோச் எந்த டிப்ளமா வெச்சிருந்தும் பிரயோசனமில்ல. காது ஜவ்வு ஓட்டைன்னா காது டாக்டர் சொல்ற வரைக்கும் தண்ணியே ஆகாது. தோளைத் தூக்க முடியாதவங்களுக்கு ஃப்ரீஸ்டைல் கைவீச்சு வேண்டாம். முட்டி வலிக்காரங்களுக்குத் தவளை நீச்சல் உதை ஆகாது, முழங்காலைப் பக்கவாட்டுல திருகும்.

அப்பறம் காலு. பெரியவங்க முட்டியை மடக்கி சைக்கிள் மிதிக்கறாப்புல உதைப்பாங்க. கணுக்கால் இறுகி, பாதம் கொக்கி மாதிரி நிக்கும். எவ்வளவு அடிச்சாலும் நின்ன எடம்தான், சிலரு பின்னாடிகூடப் போவாங்க. "வேகமா அடிங்க"ன்னு கத்தற கோச்சுக்கு இது தெரியல. விளிம்புல உக்கார வெச்சு, தொடையில இருந்து அடிக்க வெச்சு, கட்டைவிரல் பின்னாடி நீளுதான்னு கையால புடிச்சுப் பாக்கோணும். ஒரு பேட்ச்சுல நாலு பேருக்கு மேல இருந்தா இது நடக்காது.

கிணத்துக்கடவான்:
கையால புடிச்சுப் பாக்கோணும்ங்கறதுக்காக கோச் எந்நேரமும் தண்ணிக்குள்ளயே நிக்கோணும்னு சொல்லாதீங்க. உள்ள நின்னா இடுப்பு எவ்வளவு இறங்குதுன்னு முழுசாத் தெரியாது. முதல் ரெண்டு வாரம் உள்ள, அப்பறம் கரையில.

நொய்யல்கரை:
அதை ஒத்துக்கறேன். ஆழம் பழக்கறதையும் ஒத்துக்கறேன், ஆனா மிதந்து எந்திரிக்கத் தெரிஞ்ச பொறவு. இன்னொண்ணு: "பத்து தடவை நல்லா இழுத்து விட்டுட்டு முங்குங்க, ரொம்ப நேரம் தாங்கும்"னு சொல்றவருகிட்ட நிக்கவே நிக்காதீங்க. ரத்தத்துல கார்பன்டை ஆக்சைடு கொறஞ்சு, மூச்சு முட்டற உணர்வே வராம அடியில மயங்கிருவாங்க.

கிணத்துக்கடவான்:
கிணத்துல முங்கிக் கல் எடுக்கற போட்டியில பண்றது இதேதானுங்க. இதுல நான் உங்க பக்கம். சுரைப்புருடையை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

கோபி_மேட்டுவாய்க்கால்:
அப்ப வாரத்துக்கு ஒரு புருடையாக் கொறைங்க. மூணுல ஆரம்பிச்சு, ரெண்டு, ஒண்ணு. கயித்தை மட்டும் கடைசியா அவுருங்க.