குடும்பக் குழு: தம்பிக்கு நாளைக்கு இன்டர்வியூ

அம்மா: நாளைக்குக் காலைல இவனுக்கு சாஃப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ. ராத்திரி பூரா முழிச்சுப் படிக்கப் போறானாம். நீங்களாச்சும் சொல்லுங்க.

தம்பி: கோடிங் பாடத்துல கிராஃப், டைனமிக் புரோகிராமிங் ரெண்டும் பாக்கி இருக்கேம்மா.

அக்கா: புதுசா எதுவும் தொடாதடா. நான் இன்டர்வியூ எடுக்கிறவ, சொல்றேன் கேளு. விடை தெரியாதவங்களைவிட, தெரிஞ்சும் வாயைத் திறக்காம உக்காந்திருக்கிறவங்களைத் திருப்பி அனுப்பும்போதுதான் மனசு கஷ்டமா இருக்கும். இப்பவே ஒண்ணு போட்டுப் பாப்போம். எண்கள் இருக்கிற ஒரு அரே, அதாவது பட்டியல். எந்த ரெண்டைக் கூட்டினா 10 வரும்?

தம்பி: ஈஸிக்கா. ஹேஷ் மேப் போட்டு...

அக்கா: நில்லு. அம்மா, ஹேஷ் மேப்னா போட்டு வச்சதைச் சட்டுன்னு தேடித் தர்ற அட்டவணை. தம்பி, எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே?

தம்பி: என்ன கேக்கணும்?

அக்கா: அரே வரிசைப்படுத்தி இருக்கா? ஒரே எண் ரெண்டு தடவை வருமா? ஜோடியே இல்லைன்னா என்ன தரணும்? இதையெல்லாம் வேணும்னேதான் சொல்லாம விடுவோம், நீ கேக்குறியான்னு பாக்க. வரிசையா இருந்தா ஹேஷ் மேப்பே வேண்டாம். ரெண்டு முனையிலயும் ஒரு பாயின்டர், அதாவது இடத்தைக் காட்டுற குறி, வச்சு உள்ள நகத்திட்டு வந்தாப் போதும்.

தம்பி: சரி, வரிசையா இல்லைன்னே வச்சுக்குவோம்.

அக்கா: அப்ப முதல்ல சாதா வழியை வாய்விட்டுச் சொல்லு. "ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு லூப் போட்டு ஒவ்வொரு ஜோடியையும் கூட்டிப் பாத்தா விடை வரும். ஆனா 1 லட்சம் எண் இருந்தா கிட்டத்தட்ட 500 கோடி ஜோடி பாக்கணும். ஹேஷ் மேப் வச்சா ஒரே சுத்துல முடியும், மெமரி கொஞ்சம் கூடுதலா ஆகும்." அப்புறம் புரோகிராம் கோடு எழுது. பேசாம டைப் பண்ணிட்டே இருந்தா, நீ யோசிக்கிறியா மாட்டிக்கிட்டியான்னு எதிர்ல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

தம்பி: எல்லா எண்ணையும் மேப்ல போட்டுட்டு, ஒவ்வொண்ணுக்கும் 10 ஆக மீதி என்ன வேணுமோ அது இருக்கான்னு தேடுவேன்.

அக்கா: அரேல 5, 3 ரெண்டு மட்டும் இருந்தா?

தம்பி: 5க்கு மீதி 5... மேப்ல இருக்கே... அய்யோ, அது அதே 5!

அக்கா: அதான். முதல்ல தேடு, அப்புறம் மேப்ல போடு. "5, 3 இருந்தா?"ன்னு நான் கேட்டதே ஒரு க்ளூ. அப்படிக் கேட்டா "என் கோடு சரிதான்"னு வாதாடாம, இப்பப் பண்ண மாதிரி போட்டுப் பாரு. முடிச்சிட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி காலி அரேயையும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துடு.

மாமா: எஸ்க்யூஎல், அதான் டேட்டாபேஸ்ல தகவல் எடுக்கிற மொழி, ரெஸ்யூமேல இருக்கா மாப்ள? டேபிள்ல நல் (NULL) இருக்கிற வரிசைகளை எடுக்க "சமம் நல்"னு (= NULL) போட்டா என்ன வரும்?

தம்பி: ஒண்ணும் வராது மாமா. "இஸ் நல்" (IS NULL) போடணும்.

மாமா: ஏன்?

தம்பி: அப்படித்தான் படிச்சேன்...

மாமா: இங்கதான் நிறையப் பேர் வழுக்குறது. நல்னா மதிப்பு தெரியலைன்னு அர்த்தம். தெரியாததை எதோட ஒப்பிட்டாலும் உண்மைன்னும் வராது, பொய்னும் வராது. எந்த வரிசை வேணும்னு சொல்ற வேர் (WHERE), கண்டிஷன் உண்மைன்னு வர்ற வரிசையை மட்டும்தான் எடுக்கும். ரெஸ்யூமேல இருக்கிற ஒவ்வொரு பேருக்கும் ரெண்டு "ஏன்" தாங்கணும்.

தம்பி: குபர்னெடிஸ்னு, சர்வர்கள்ல புரோகிராம்களை ஓட்டிப் பாத்துக்கிற டூலையும் போட்டிருக்கேன் மாமா. வீடியோ பாத்தது மட்டும்தான். ரெஸ்யூமே அனுப்பியாச்சு.

அக்கா: கேட்டா "படிச்சிருக்கேன், வேலைல பயன்படுத்தினதில்லை"ன்னு நேராச் சொல்லிடு. தெரியாதது தப்பில்லை, தெரிஞ்ச மாதிரி சுத்தி வளைக்கிறதுதான் மாட்டிவிடும். அப்புறம், புராஜெக்ட் பத்திக் கேட்டா "நாங்க பண்ணோம், நாங்க பண்ணோம்"னே சொல்லிட்டிருக்காத. அதுல நீ எந்தப் பகுதி எழுதின, எது உடைஞ்சுது, எப்படிக் கண்டுபிடிச்ச, அது வேணும்.

தம்பி: பக்கத்து டேப்ல ஏஐ திறந்து வச்சுக்கலாம்னு ஃப்ரெண்டு சொன்னான்.

அக்கா: வேண்டவே வேண்டாம். அவங்களே அனுமதிச்சா அது வேற. "இந்த வரியை ஏன் இப்படி எழுதினீங்க"ன்னு ஒரே கேள்வில தெரிஞ்சிடும்.

மாமா: ஸ்கிரீன் ஷேர் பண்றதுக்கு முன்னாடி இந்தக் குரூப்பை மியூட் பண்ணிடு.

தம்பி: கடைசில "உங்களுக்கு ஏதாவது கேள்வி?"ன்னு கேட்டா? இல்லைன்னு சொல்லிடவா?

அக்கா: ஏன், உனக்கு எதுவும் தெரிஞ்சுக்க வேண்டாமா?

தம்பி: புதுசா வர்றவங்க எழுதுற கோடை யார் ரிவ்யூ பண்ணுவாங்க, முதல் மாசம் என்ன வேலை இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்.

அக்கா: அதையே கேளு.