காபிக்கு ஸ்மெல்லா, அரோமாவா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம். நாங்களே வறுத்து அரைத்து, கால் கிலோ பாக்கெட்டாக சேலம் கடைகளுக்குப் போடுகிறோம். லேபிளில் ‘ஸ்ட்ராங் ஸ்மெல்’ என்று அச்சடித்திருந்தேன். கடைக்காரர் மாற்றச் சொல்கிறார். ஸ்மெல், ஓடர், அரோமா, ஃபிராக்ரன்ஸ் எல்லாமே மணம்தானே?

பதில் 1: ‘ஓடர்’ வேண்டவே வேண்டாம், பெரும்பாலும் கெட்ட வாடைக்குத்தான் சொல்வார்கள். ‘ஸ்மெல்’ பொதுச்சொல், ஆனால் தனியாக நின்றால் அதுவும் அந்தப் பக்கம் சாயும். நம் ‘நாற்றம்’கூட பழைய தமிழில் நறுமணம்தான், இன்று அப்படிச் சொல்ல முடியுமா?

பதில் 2: காபியைத் தரம் பார்ப்பவர்கள் தெளிவாகப் பிரிப்பார்கள் அண்ணா. அரைத்த தூளை உலர்ந்தபடியே முகர்ந்தால் ஃபிராக்ரன்ஸ். வெந்நீர் ஊற்றியதும் எழுவது அரோமா. பூவுக்கும் ஃபிராக்ரன்ஸ் பொருந்தும். கோடை மழைக்கு அப்புறம் காபிச்செடி வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அதற்கு.

கேட்டவர்: இன்று காலை அம்மா ஃபில்டரில் வெந்நீர் ஊற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். தூளில் வறுத்த கடலை வாசம். நீர் பட்டதும் வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி வேறொன்று. இத்தனை வருடம் இதைக் கவனிக்கவில்லையே! ‘ரிச் அரோமா’ என்று மாற்றிவிட்டேன்.

பதில் 2: சரியாகச் செய்தீர்கள். ‘ஸ்ட்ராங்’கை டிகாக்‌ஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.