கிணறு போற பக்கம் எடுக்கறாங்க, 75 சென்ட் மேடு மிஞ்சுது: மனுவுல என்னெல்லாம் எழுதணும்?

மேட்டுக்காடு:
ஓமலூர் பக்கம் 2 ஏக்கர். குச்சிக்கிழங்கு (மரவள்ளி), காய்கறி, ரெண்டு கறவை மாடு. தொழிற்பேட்டைக்கு 1.25 ஏக்கர் எடுத்தா கிணறும் அதோட போயிரும். மிச்சத்தையும் சேர்த்தே எடுத்துக்கச் சொல்லலாமுங்களா?

வரப்போரம்:
முதல்ல அறிவிப்புல எந்தச் சட்டம்னு பாருங்க: 2013 மத்திய நிலம் எடுப்புச் சட்டமா, தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்கிற தமிழ்நாட்டோட 1997 சட்டமா. குடுத்த இழப்பீடு போதாதுன்னு கூடுதல் தொகை கேட்கிற கெடு ரெண்டுலயும் ஒண்ணில்ல.

நிலத்தை வெட்டிப் பிரிச்சதால மிச்சத்துக்கு வர்ற சேதத்தையும் இழப்பீட்டுக் கணக்குல எடுக்கணும்னு 2013 சட்டம் 28-வது பிரிவு சொல்லுது. "கிணறு அங்க, பாசனம் இங்க"ன்னு புல எண், உட்பிரிவோட எழுதி, புலப்பட நகல் வையுங்க. மோட்டார் ரூம், மண்ணுக்குள்ள போற பைப், தென்னை எல்லாம் எண்ணி மகஜர்ல (அதிகாரிங்க நேர்ல பார்த்து எழுதற பட்டியல்) ஏறணும். குச்சி பத்து மாசப் பயிர். அடங்கல்ல (வி.ஏ.ஓ. எழுதற பயிர்ப் பதிவேடு) ஏறலைன்னா தரிசுன்னு போயிரும்.

பணம் வாங்கறப்போ "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்"னு எழுதாம கையெழுத்துப் போட்டா, 2013 சட்டப்படி கூடுதல் கேட்கிற வழி அடைபடும்.

தட்டுப்போர்:
மிச்சத்தையும் குடுத்துராதீங்க. உங்க பேர்ல சிட்டா (நிலம் யாருதுன்னு காட்டற வருவாய்த்துறைப் பதிவு) இருக்கிற வரைக்கும்தான் சூரமங்கலம் உழவர் சந்தை அட்டையும் கூட்டுறவுப் பயிர்க்கடனும். இலவச மின் இணைப்பை மிச்ச நிலத்துக்கு மாத்தக் கேட்டு, கிணத்தை ஒப்படைக்கறதுக்கு முன்னாடியே மனு குடுங்க; புதுசுக்குக் காத்திருந்தா வருஷக்கணக்காகும்.

ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் வேணும். வரப்புப் புல்லும் சோளத்தட்டும் காசில்லாம வந்துச்சு. வெலைக்கு வாங்கினா பால் காசு அதுக்கே சரியாப்போகும். நிலம் போன வீடுகள்ல அடுத்து விக்கறது மாட்டைத்தான். தண்ணி கிடைச்சா 10 சென்ட் கோ-4 தீவனப்புல் ஒரு மாட்டுக்குத் தாங்கும்.

மேட்டுக்காடு:
கூலிக்கு வர்றவங்களுக்கு ஏதாச்சும் உண்டுங்களா?

வரப்போரம்:
உண்டு. 3 வருஷமா அந்த நிலத்தை நம்பிப் பொழைச்ச கூலியாளும் வாரத்துக்கு (விளைச்சல்ல பங்கு குடுத்து) ஓட்டறவரும் 2013 சட்டப்படி 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். ஆனா வாரம்ங்கறது வாய்ப்பேச்சு. கணக்கெடுப்புக்கு வர்றப்போ நிலக்காரர் எழுதிக் குடுக்கலைன்னா பேர் ஏறறது கஷ்டம், பல பேர் விடுபடறது இங்கதான்.

அந்தக் குடும்பத்துக்கு, 2013 சட்டத்தோட இரண்டாம் அட்டவணைப்படி வேலை, இல்ல ஒரே தடவையா 5 லட்சம், இல்ல மாசம் 2,000 வீதம் 20 வருஷம். 5 லட்சத்தை 7 சதவீதத்துல போட்டா மாசம் 2,900 வரும், முதலும் நிக்கும்.

தட்டுப்போர்:
கல்யாணச் செலவுக்கு எடுக்காம இருந்தாத்தானுங்க நிக்கும். அந்த 2,000 விலைவாசிக் குறியீட்டோட ஏறும், அதையும் சேர்த்துப் பாருங்க. வேலை கேட்டா, சம்பளம் தர்றது கம்பெனியா காண்ட்ராக்ட்காரரான்னு எழுத்துல வாங்கிக்கங்க.