கோவா பாராசெயிலிங்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

டிசம்பரில் குடும்பத்தோடு கோவா போகிறோம். அங்கே பாராசெயிலிங், அதாவது படகு கயிற்றால் இழுக்க, பாராசூட்டில் தொங்கியபடி கடல்மேல் பறப்பது, செய்ய எண்ணம். கலங்குட், பாகா, கோல்வா பக்கம் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) உள்ள படகிலிருந்தே ஏற்றி இறக்குபவர்கள் யார்? மணலில் ஓடிக் கிளம்பும் முறை வேண்டாம். இறங்கும்போது கால் பிசகும், காற்று திரும்பினால் மரம், கம்பம் பக்கம் தள்ளிவிடும்.

முக்கியமான கவலை படகையும் பாராசூட்டையும் இணைக்கும் கயிறுதான். பாராசூட் பக்கமுள்ள நுனிதான் சீக்கிரம் நைந்துபோகும். உப்பும் வெயிலும் போதாதென்று அங்கேதான் முடிச்சும் விழுகிறது. முடிச்சு போட்டாலே கயிற்றின் பலம் கணிசமாகக் குறையும். அந்த நுனியை அவ்வப்போது வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்களா? கேட்டால் காட்டுவார்களா? நார் பிசிறி, தொட்டால் விறைப்பாக இருந்தால் நாங்கள் ஏறப்போவதில்லை.

மகளுக்கு 11 வயது, 32 கிலோ. எடை குறைந்தவரைத் தனியாக ஏற்றினால் காற்று கூடும்போது கீழே இழுப்பது சிரமம். அம்மாவோடு ஜோடியாக அனுப்புவார்களா? தொடைப் பட்டை சின்ன அளவில் கிடைக்குமா? இறக்கும்போது கடலில் முக்குவதை வேண்டாமென்றால் விட்டுவிடுவார்களா?

மதியத்துக்குமேல் கடற்காற்று வலுக்கும் என்பதால் காலையிலேயே போக எண்ணம். அலைகளில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் பறக்க மாட்டோம். அப்போது முன்பணம் திரும்பக் கிடைக்குமா?