ஏப்ரல் கடைசியில் பர்க் மேலே மூன்று இரவு: ஃப்ளீஸ் ஜாக்கெட் போதுமா?

சாட்ஸ்வொர்த் நடையன்
வணக்கம். ஏப்ரல் கடைசி வாரம் நானும் மச்சானும் அவர் கூட வேலை பார்க்கும் ஒருவரும் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு, அதாவது நம்ம பர்க்குக்குப் போகிறோம். சென்டினல் கார் பார்க்கில் வண்டியை விட்டுவிட்டு, சங்கிலி ஏணி வழியாக ஆம்பிதியேட்டர் என்கிற பாறைச்சுவர் மேலே ஏறி மூன்று இரவு கூடாரம். இதுவரை கீழே பள்ளத்தாக்கில்தான் தங்கியிருக்கிறோம், அதுவும் டிசம்பர் கோடையில். இங்கே டர்பனில் இன்னும் ஃபேன் இல்லாமல் தூக்கம் வரவில்லை, அதனால் மச்சான் "ஒரு ஃப்ளீஸ் போதும்டா" என்கிறார். என் ஸ்லீப்பிங் பேக்கில் 5 டிகிரி என்று போட்டிருக்கிறது. போதுமா? மழை கோட்டை விட்டுவிட்டால் எடை குறையுமே என்றும் ஒரு யோசனை.

மாரிட்ஸ்பர்க் மலைக்கிறுக்கன்
மச்சான் பேச்சைக் கேட்காதே தம்பி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும், நீ தூங்கப்போவது 3,000 மீட்டரில். டர்பனில் 26 என்றால் கணக்குப்படி மேலே ஏழெட்டுதான். வெயில் இருக்கும்வரை அது தெரியாது. இரவில் வானம் தெளிந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பேக்கில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பல நேரம் சுருண்டு கிடந்து சமாளிக்கிற எல்லைதான், சுகமாகத் தூங்குகிற அளவு இல்லை. மைனஸ் 5 தாங்குவதை யாரிடமாவது இரவல் வாங்கு.

இரண்டு வருடம் முன்பு மே மாதம் நான் பருத்தி டி-ஷர்ட்டோடு ஏணி ஏறினேன், முதுகெல்லாம் வியர்வை. மேலே போனதும் துகேலா அருவி விளிம்பில் நின்று அரை மணி நேரம் போட்டோ. வெயில் சாய்ந்து காற்று எழும்பியது, ஈர பனியன் உடம்போடு ஒட்டியது, விரல் மரத்துப்போய் கூடாரத்தின் கொக்கியை என்னால் மாட்ட முடியவில்லை, கூட வந்தவர்தான் மாட்டினார். காலையில் பாட்டில் தண்ணீர் கட்டி, ஷூ லேஸ் குச்சி மாதிரி. அதனால் பருத்தி, ஜீன்ஸ் எதுவும் வேண்டாம், ஏறி முடித்த அடுத்த நிமிடமே பனியனை மாற்று. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி கம்பளி சாக்ஸைத் தனியாக பிளாஸ்டிக் பையில் கட்டி வை, என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்காதே.

ஃபீனிக்ஸ் அக்கா
மழை கோட்டை விடாதே தம்பி. மதிய இடிமழை ஏப்ரலில் குறையும், நின்றுவிடாது, அது போக காற்றைத் தடுக்கிறதும் அந்தக் கோட்டுதான்.

அப்புறம் கேஸ். வெறும் பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போனாலே ஆவியாகாது, காலையில் அடுப்பு முனகிக்கொண்டே இருக்கும், டீ வராது. புரோபேன் கலந்த டப்பா வாங்கு, ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு படு. தண்ணீர் வடிகட்டியும் அதற்குள்தான், உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய் வெடித்துவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது. மேலே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும், அரிசி, பருப்பு என்று உட்கார்ந்தால் கேஸ்தான் தீரும். நான் ரவையை வீட்டிலேயே தாளித்து வறுத்து எடுத்துப் போவேன், கொதி நீர் ஊற்றி மூடினால் பத்து நிமிடத்தில் உப்புமா. முதல் நாளைக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் சுருட்டிக்கொள்.

ஜோபர்க் பழைய பையன்
அக்கா சொன்னதுதான். டர்பனில் கிளம்பும்போது திடீரென்று சுடுகாற்று, அதாவது பர்க் விண்ட், அடித்தால் சந்தோஷப்படாதீர்கள், பெரும்பாலும் அதன் பின்னாலேயே குளிர் காற்று வரும், ஏப்ரலிலேயே மேலே பனி விழலாம். அப்படி இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். சூரியன் ஐந்தரைக்கெல்லாம் இறங்கிவிடும், நான்கு மணிக்குக் கூடாரம் நிற்க வேண்டும், ஓடைப் பள்ளத்தில் அடிக்காதீர்கள், குளிர் அங்கேதான் தேங்கும். லெசோத்தோ நாட்டு எல்லை மேலேயே இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டும். கீழே பதிவேட்டில் பெயர் எழுதாமல் ஏறாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் நடையன்
எல்லாருக்கும் நன்றி. மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். ஃப்ளீஸ் பேச்சையே எடுக்கவில்லை, "உப்புமாவா?" என்று மட்டும் கேட்டார். பெரியப்பா மகனிடம் கனமான ஸ்லீப்பிங் பேக் ஒன்று இருக்கிறது, நாளை போய் வாங்கி வருகிறேன்.