ஜர்னல் லாக் 800 எம்பி, உள்ளே செய்தி 34 எம்பி: மிச்சம் முழுக்க வீணா?

கேள்வி

வணக்கம். சென்சார் அளவுகளைச் சேகரிக்கும் சின்ன போர்டு ஒன்று, 16 ஜிபி எஸ்டி கார்டில் டெபியன் 12 (லினக்ஸ்). யூபிஎஸ் கிடையாது, கரண்ட் சொல்லாமல் போகும் இடம். ஜர்னல் என்ற சிஸ்டம் லாக்கைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல் கட்டளையிடம் டிஸ்க் யூசேஜ் கேட்டால் 800 எம்பி என்கிறது. அதே லாக்கை வெறும் செய்தியாக (கேட் அவுட்புட்) எடுத்து எண்ணினால் 34 எம்பிதான் வருகிறது. மிச்சம் எல்லாமே வீணா? சரியாக அளப்பது எப்படி? இன்னொன்று: ஒரு சென்சார் எப்போது கோளாறானது என்று தேடினால் லாக் அவ்வளவு பின்னால் போகவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

பதில் 1

ஜர்னல்சிடிஎல்ல முதலில் ரொட்டேட் (இப்போதைய ஃபைலை மூடிப் புதுசு தொடங்கும்), அப்புறம் வேக்யூம் சைஸ் 200எம் (பழைய ஃபைல்களை அழிச்சு 200 எம்பிக்குக் குறைக்கும்). இடம் கிடைச்சிடும். ரொட்டேட்டை விட்டுடாதீங்க, இப்போ எழுதிட்டிருக்கிற ஃபைலை வேக்யூம் தொடாது.

பதில் 2

தயவுசெய்து வேக்யூம் இப்போ போடாதீங்க. அது பழைய ஃபைல்ல இருந்துதான் அழிச்சுக்கிட்டு வரும், நீங்க தேடுறதும் பழசைத்தான்.

34-ஐயும் 800-ஐயும் நேரடியா ஒப்பிட முடியாது. ஒரே ஒரு பதிவை வெர்போஸ்ல (எல்லா விவரமும் காட்டுற முறை) பாருங்க: செய்தி ஒரு வரி, கூடவே பிஐடி (ப்ராசஸ் எண்), யூனிட் (சர்வீஸ்) பெயர், கமாண்ட் லைன், பூட் ஐடின்னு இருபது ஃபீல்டு பக்கம் வரும். அதெல்லாம் வீண் இல்லை, யூனிட் பெயரைக் கொடுத்துத் தேட முடியுதுன்னா அதனாலதான்.

ஆனா 800-ங்கிற எண்ணே ஒண்ணைக் காட்டிக்கொடுக்குது. ஜர்னல் ஃபைல் 8 எம்பி, 8 எம்பியாத்தான் வளரும். எத்தனை ஃபைல் வரை வெச்சுக்கலாம்னு சொல்ற சிஸ்டம்மேக்ஸ்ஃபைல்ஸ் டீஃபால்ட் 100. 100 × 8 = 800. டைரக்டரியைத் திறந்து பாருங்க, பெயர் ~ குறியில முடியுற ஃபைல்கள் வரிசையா நிக்கும். ஒழுங்கா ஷட்டவுன் ஆனா அடுத்த பூட்ல அதே ஃபைல்ல தொடர்ந்து எழுதும். கரண்ட் போய் நின்னிருந்தா, ஃபைல் சரியா மூடப்படலைன்னு அதை ~ போட்டு ஒதுக்கிட்டுப் புதுசா 8 எம்பி ஒண்ணைத் தொடங்கிடும்.

அதுல ஒரு ஃபைலை எடுத்து ஹெடர் ஆப்ஷனோட பாருங்க. டேட்டா ஹாஷ் டேபிள் (தேடலுக்கான அட்டவணை) சைஸ் 233016-ன்னு இருக்கும். ஒரு இடத்துக்கு 16 பைட், ஆக 37,28,256 பைட். ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடியே 8 எம்பியில பாதிக்குக் கொஞ்சம் கம்மி போயிடுது! அந்த டேபிள் 128 எம்பி வரை வளரப்போற ஃபைலுக்காகக் கணக்குப் போட்டது. உங்க ஃபைலோ சில மெகாபைட்லயே செத்துப்போகுது.

அளக்க: ஜர்னல் டைரக்டரியை முழுசா வேற கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணுங்க. அங்க ஜர்னல்சிடிஎல்லுக்கு அந்த டைரக்டரியைக் காட்டி, எக்ஸ்போர்ட் ஃபார்மேட்ல எடுத்து, சிஸ்டம்டி-ஜர்னல்-ரிமோட்டுக்குப் பைப் பண்ணுங்க (டெபியன்ல அது தனி பேக்கேஜ்). எல்லாத்தையும் சேர்த்துப் புதுசா எழுதித் தரும். பழைய அளவுக்கும் புது அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான வீண்.

பதில் 3

டியூ (ஃபைல்களோட அளவைக் கூட்டிச் சொல்ற கட்டளை) ஒண்ணு சொல்லி டிஎஃப் (டிஸ்க்குல மொத்தம் எவ்வளவு போயிருக்குன்னு சொல்றது) இன்னொண்ணு சொன்னா ஜர்னலை மட்டும் சந்தேகப்படாதீங்க. அழிச்ச பிறகும் ஏதாவது சர்வீஸ் திறந்து வெச்சிருக்கிற லாக் ஃபைல் டிஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். திறந்திருக்கிற ஃபைல்களைக் காட்டுற எல்எஸ்ஓஎஃப்ல +எல்1 போட்டா தெரியும். லாஸ்ட்லாக் ஃபைல் (யார் கடைசியா எப்போ லாகின் ஆனாங்கங்கிற பதிவு) எல்எஸ்ல பெருசாத் தெரிஞ்சா பயப்பட வேணாம், அது நடுவுல ஓட்டை உள்ள ஃபைல், டியூ சொல்றதை நம்புங்க. ஆர்சிஸ்லாக் (லாக்கைத் தனி டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதுற சர்வீஸ்) இருக்கான்னும் பாருங்க. டெபியன் 12-ல தானா வராது, ஆனா 11-ல இருந்து அப்கிரேட் பண்ணியிருந்தா அப்படியே இருந்து, அதே செய்தியை இரண்டாம் தடவை எழுதிட்டிருக்கும்.

கேட்டவர்

ஆர்சிஸ்லாக் இல்லை. ~ ஃபைல்கள் நிஜமாகவே வரிசையாக நிற்கின்றன, ஹாஷ் டேபிள் எண்ணும் அதேதான். சேர்த்து எழுதியதில் 232 எம்பி வந்தது. அப்படியானால் 568 எம்பி வீண். 16 ஜிபியில் அது போனால் போகட்டும். 100 ஃபைல் என்ற வரம்பு நிரம்பித்தான் என் பழைய லாக் அழிந்திருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இடம் இருந்தும் அழித்திருக்கிறது.

பதில் 2

ஆமாங்க. டிஸ்க்குல பத்துல ஒரு பங்கு வரைக்கும் அது எடுத்துக்கலாம், உங்களுக்கு ஒன்றரை ஜிபி பக்கம். அந்த வரம்பைத் தொடவே இல்லை, எண்ணிக்கைதான் முந்திக்கிச்சு.

ஜர்னல்டி (ஜர்னலை எழுதுற சர்வீஸ்) கான்ஃபிக்ல சிஸ்டம்மேக்ஸ்ஃபைல்ஸை 1000 ஆக்குங்க, சிஸ்டம்மேக்ஸ்ஃபைல்சைஸை 4எம் வைங்க. ஃபைல் 4 எம்பிக்கு மேல போகாது, ஹாஷ் டேபிளும் 7281 இடமா, 116 கேபி அளவுக்குச் சுருங்கிடும். ஃபைல் எண்ணிக்கை கூடுறதால தேடல் கொஞ்சம் மந்தமாகும், பழைய லாக் கிடைக்குதுங்கிறப்போ அதைப் பொறுத்துக்கலாம்.

பதிவுகளை டிஸ்க்குல உறுதியா எழுதுற இடைவெளியான சிங்க்இன்டர்வல்செக் டீஃபால்ட்டா 5 நிமிஷம். கரண்ட் போற நேரத்துல கடைசி சில நிமிஷப் பதிவு கார்டுக்கு வராமலே போகலாம். சென்சார் கோளாறு அந்த நிமிஷத்துல நடந்திருந்தா? அந்தச் செய்திகளை இன்னொரு மெஷினுக்கும் உடனுக்குடன் அனுப்புற மாதிரி வெச்சுக்குங்க.