புதுப்பிப்பு: ஈ-டைப் பானெட்டில் விழும் பிரதிபலிப்பு

ஜாகுவார் ஈ-டைப் காரைப் படமெடுக்கும்போது, அதன் நீண்ட பானெட்டில் (முன்மூடியில்) வானமும் என் உருவமும் விழுவதை எப்படித் தவிர்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் ஃபில்டர்) போடச் சொன்னீர்கள். போட்டுப் பார்த்தாயிற்று.

இடம் இங்கிலாந்தின் சர்ரேயில் ப்ரூக்லாண்ட்ஸ், 1907-இல் திறந்த பழைய பந்தயத் தடம். மேகமூட்டமான காலை. ஃபில்டரைத் திருகத் திருக, பச்சைப் பெயின்டிலும் கண்ணாடியிலும் படிந்திருந்த வெள்ளை மெல்ல விலகியது. குரோம் பம்பர் மட்டும் அசையவே இல்லை. வெற்று உலோகத்தின் பளபளப்பில் போலரைசரின் பாச்சா பலிக்காது. அதற்கு நாம் கறுப்புச் சட்டை போடுவதும், நிற்கும் இடத்தை மாற்றுவதும்தான் வழி. பெயின்டிலும் பாதி குறைத்தால் போதும். முழுக்க எடுத்தால் அந்த வளைவே செத்துப்போகிறது.

அப்புறம் லென்ஸ். முகப்பு விளக்கு மட்டத்துக்குக் குனிந்து 85 மி.மீ.யில் எடுத்ததுதான் தேறியது. வைட் (அகலக் கோண) லென்ஸில் காரின் மூக்கு கோரமாக நீள்கிறது. முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னேன், கம்பிகள் அழகாகத் தெரிந்தன.